அஞ்சலையம்மாள் பாத்தியில் நாற்பத்தொரு தடங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் வானத்தின் மேல் நடந்தேன். அதுவும் பத்தாம் நம்பர் ஷூ போட்டுக்கொண்டு. அது வானம் இல்லை, ஒரு பெண்மணி ஒரு மாதமாக மிதித்துப் பதப்படுத்திக் காத்திருந்த உப்புப் பாத்தி என்பது நடந்து முடித்த பிறகுதான் தெரிந்தது. பினாங்கில் என்னை ஓரளவு விவரமானவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அங்கே போய்ச் சேராதவரை அந்த நினைப்புக்கு ஆபத்தில்லை.

2006 பிப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணிக்குச் சென்னையில் பாண்டிச்சேரி பஸ் ஏறினேன். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மரக்காணத்துக்கு நூற்றிருபது கிலோமீட்டர், டிக்கெட் நாற்பது ரூபாய். என்னோடு இரண்டு பெட்டிகள். கண்டக்டர் அவற்றைப் பார்த்தார்.

"பொட்டிக்கும் டிக்கெட் எடுக்கணும் சார்."

"பெட்டிக்கு உட்கார இடம் உண்டா?"

"உங்களுக்கே கெடையாது."

பாதி வழி நின்றேன். பெட்டிகள் வசதியாகப் படுத்துக்கொண்டு வந்தன. அவற்றுள் ஒன்று முழுக்க என் அப்பா கொடுத்தனுப்பிய பிஸ்கட் டின்களும் தைலப் புட்டிகளும். எல்லாம் ஏழுமலைச் சித்தப்பாவுக்கு. உறவு ஒன்றும் கிடையாது. அப்பாவும் அவரும் பினாங்கில் பதினோரு வருஷம் ஒரே அறையில் தங்கி, ஒரே அடுப்பில் சமைத்தவர்கள். அவர் ஊர் திரும்பி, மரக்காணத்தில் உப்புப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்தார். வருஷா வருஷம் வரச்சொல்லிக் கடிதம் போடுவார். அப்பாவுக்கு முழங்கால் வலி. அதனால் என் கால்களை அனுப்பிவைத்தார். எவ்வளவு பெரிய தவறு.

பன்னிரண்டரைக்கு இறங்கினேன். சித்தப்பா சைக்கிளோடு நின்றார். பெட்டிகள் சைக்கிளில் ஏறின. நாங்கள் இருவரும் நடந்தோம். வீட்டில் பச்சையம்மாள் சித்தி நண்டுக் குழம்பு வைத்திருந்தார். போதும் என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் இன்னொரு நண்டு வந்தது. மூன்றாவதுக்குப் பிறகு போதும் என்று சொல்வதை நிறுத்தினேன். அப்போதும் வந்தது.

புதன்கிழமை காலை பத்து மணி. சித்தப்பா உப்பளத்தைச் சுற்றிக் காட்டினார். கண்ணுக்கு எட்டிய மட்டும் சதுரம் சதுரமாக நீர், நடுவே வரப்புகள் விரல் தடிமனில் தெரிந்தன. போன வருஷத்து உப்புக் குவியல்கள் கீற்றுகளைப் போர்த்திக்கொண்டு தூங்கின. அவர் பாத்தியைப் பற்றி நிறைய விளக்கினார். நான் கேமராவில் பிலிம் மாற்றிக்கொண்டே தலையாட்டினேன். அவர் சொன்னது என்னவென்று எனக்கு வியாழக்கிழமைதான் காதில் விழுந்தது.

அஞ்சலையம்மாள் கதை மட்டும் அன்றே விழுந்தது. ஓரத்துப் பாத்தியில் வேலை செய்பவர் அவர். நாற்பத்தைந்து வயதிருக்கும், கரிய மெலிந்த தேகம், முழங்கால் வரை உப்பு பூத்த கால்கள். மகளைத் தை மாதம் பெருமுக்கலில் கட்டிக் கொடுத்திருக்கிறார். பருவத்தின் முதல் உப்பை ஒரு வெள்ளிக்கிழமையில் மகள் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம்.

"சம்பந்தியம்மா கல்யாணப் பந்தியிலயே கேட்டாங்க," என்றார். "உப்பளத்துக்காரங்க ஊட்டு உப்பு ஏன் இப்டி அழுக்கா இருக்குதுன்னு. அது கடையில வாங்கினதுங்க. என் பாத்தி உப்பு இல்ல. வெள்ளிக்கிழம காட்றேன்."

வியாழன் காலை வாருவது, வெள்ளி பஸ்ஸில் கொண்டுபோவது. எல்லாம் முடிவாகியிருந்தது.

வியாழக்கிழமை, விடியற்காலை ஐந்தே முக்கால். எல்லோரும் எழுவதற்கு முன் நான் தனியாக உப்பளத்துக்குப் போனேன். பனி இறங்கியிருந்தது. காற்று ஒரு பொட்டு இல்லை. வரப்புகளைப் பனி விழுங்கிவிட்டது. கழுவெளி ஏரிப் பக்கமிருந்து ஒரு பறவைக் கூட்டம் போனது. மேலே ஒரு வரிசை, காலடியில் ஒரு வரிசை. எது பறக்கிறது, எது நீந்துகிறது என்று பிரிக்க முடியவில்லை. கிழக்கே இளஞ்சிவப்பு கசிந்தது. கசிந்த அதே நொடியில் தரை முழுவதும் பரவியது. நான் நின்ற இடத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லை போலிருந்தது. சத்தம்கூட ஊரில் எங்கோ ஒரு வாளி கிணற்றில் மோதுவது மட்டும், அதுவும் நேற்று மோதியது இன்றைக்கு வந்து சேர்ந்த மாதிரி.

எதிரே ஒரு சிறிய மேகம் கிடந்தது. கையெட்டும் தூரம் போலத்தான் தெரிந்தது. அதைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. போனேன். காலடியில் ஏதோ மெல்ல நொறுங்கியது, பனிப்பாளம் நொறுங்குகிற ஓசையில். அதையும் ரசித்தேன். மேகத்தின் நடுவில் நின்று நான்கு படம் எடுத்தேன். திரும்பி வந்து வரப்பில் ஏறியபோது வெளிச்சம் வந்துவிட்டது. பின்னால் பார்த்தேன்.

வெள்ளைத் தரையில் கறுப்புக் குழிகள், வரிசையாக. ஒவ்வொரு குழியிலிருந்தும் சேறு புகை மாதிரி எழுந்து பரவிக்கொண்டிருந்தது.

ஆறரைக்குச் சித்தப்பாவும் அஞ்சலையம்மாளும் உப்பு வாரும் பலகையோடு வந்தார்கள். நான் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். என் ஷூவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

"பரவால்ல தம்பி," என்றார் சித்தப்பா. முகம் பரவாயில்லை என்று சொல்லவில்லை. "தெரியாமதான செஞ்சீங்க."

தெரியாமல்தான். சேற்றை நாள் கணக்கில் சின்னச் சின்ன அடியாக மிதித்து, கல்போல இறுக்கி, அதன் மேல்தான் நீர் விடுவார்கள். அந்தத் தரை உடைந்தால் சேறு உப்போடு கலந்துவிடும். புதனன்று நான் தலையாட்டியது இதற்குத்தான். திரும்ப மிதித்து, நீர் விட்டு, உப்பு பூக்க இன்னும் இரண்டு வாரம்.

அஞ்சலையம்மாள் பாத்தியைச் சுற்றி நடந்தார். விரலை நீட்டி எண்ணினார்.

"நாப்பத்தொண்ணு. போறதுக்கு இருவது, வர்றதுக்கு இருவத்தொண்ணு." என்னைப் பார்த்தார். "வரும்போது ஒரு காலு கூட வச்சிருக்கீங்க."

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சித்தி டீ கொடுத்தனுப்பியிருந்தார், எனக்கு மட்டும் முறுக்கோடு. விருந்தாளிக்கு மரியாதை குறையவில்லை. அந்த முறுக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"பக்கத்துப் பாத்தியில கொஞ்சம் வாரிக்கோ அஞ்சல," என்றார் சித்தப்பா.

"அது அவுங்க உப்புங்க. என் பாத்தி உப்புன்னு பொய் சொல்லிக் குடுக்கவா?"

மூலைகளில் என் கால் படாத இடம் கொஞ்சம் இருந்தது. சேறு தெளியட்டும் என்று பதினொரு மணிவரை காத்திருந்தோம். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு, வரப்போரத்தில் குந்தி, மேலாக இருந்த உப்பை மட்டும் கையால் வழித்தோம். அரைக்கூடை தேறியது. அதிலும் சாம்பல் நிறம் ஒட்டியிருந்தது. எனக்கு ஒரு யோசனை பிறந்தது.

"குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிடலாமே."

"கழுவுங்க," என்றார் அஞ்சலையம்மாள். "கூட நல்லா சுத்தமாயிடும்."

உப்பு கரைந்துபோன வெறும் கூடை.

உப்பை உப்பு நீரில்தான் கழுவ வேண்டுமாம். இனி ஒரு துளி உப்பையும் ஏற்காத அளவுக்குக் கெட்டிப்பட்ட நீர் அடுத்த பாத்தியில் நின்றது. அதை மொண்டு மொண்டு ஊற்றினார். நான் கூடையை ஆட்டினேன். என் விரலிலிருந்த சின்னச் சின்னக் கீறல்கள் எல்லாம் தனித்தனியாக என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டன. நான்கு மணி சுமாருக்குக் கூடையில் கால்வாசி மிஞ்சியது. வெயிலில் கொட்டிப் பரப்பினோம். பார்க்க முடியவில்லை, அவ்வளவு வெள்ளை.

அதன்பிறகு மாலை முழுவதும் நாலு பெண்களோடு வரிசையில் நின்று அந்தப் பாத்தியை மிதித்தேன். குதிகாலும் விரலும் ஒட்டி, அடிமேல் அடி. காற்று ஓய்ந்து, வானம் மறுபடி தரைக்கு வந்தது. இந்த முறை அதைக் கண்டுகொள்ளாமல் சேற்றைப் பார்த்து மிதித்தேன்.

"மலேசியாவுல நடக்கக் கத்துத் தர மாட்டாங்களா?" என்றாள் ஒருத்தி. மற்ற மூவரும் சிரித்தார்கள். அஞ்சலையம்மாள் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு உப்பு கட்டிய பையைப் பெருமுக்கல் வழியாகப் போகும் திண்டிவனம் பஸ் நிற்குமிடம் வரை நான்தான் சுமந்தேன். கொண்டுபோய்ச் சேர்க்கும் தகுதி இல்லாததால் அங்கேயே நின்றேன். பகலெல்லாம் சித்தி பரிமாறிய எதுவும் ருசிக்கவில்லை. உப்பு குறைச்சலா என்று அவர் கேட்டபோது அழுகை வரும்போலிருந்தது. ஐந்து மணிக்கு அஞ்சலையம்மாள் வெறும் பையோடு இறங்கினார்.

"என்ன சொன்னாங்க?" என்று சித்திதான் கேட்டார்.

"பைய வாங்கிப் பிரிச்சாங்க. ஒரு கல்ல எடுத்து நாக்குல வச்சாங்க. ஜாடியில கொட்டிட்டு மூடினாங்க." வெறும் பையை உதறி மடித்தார். "ஒண்ணுமே சொல்லல. அந்தம்மா வாய மூடி நான் பாத்ததே இல்ல."

அப்போதுதான் அவர் சிரித்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் புறப்பட்டேன். பினாங்கில் எங்கள் உப்பு ஒரு பிளாஸ்டிக் டப்பியில் இருக்கிறது. தீர்ந்தால் இன்னொன்று வரும். அதற்கு முகமும் கிடையாது, மாமியாரும் கிடையாது. இனி அந்த டப்பியைத் திறக்கும்போதெல்லாம் யாருடைய மேகத்திலோ மிதித்துவிட்ட மாதிரிதான் இருக்கும். ஷூ இரண்டும் உப்பேறி விறைத்துப்போயிருந்தன. சித்தி அவற்றைத் தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தார், சாமான் மாதிரி.

ரோட்டுக்குப் போகும் வழியில் ஓரத்துப் பாத்தி. புதிதாக விட்ட நீரில் வானம் அசையாமல் கிடந்தது. அஞ்சலையம்மாள் வரப்புக்குச் சேறு அணைத்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷம் முதல் உப்புக்கு நான் வரலாமாங்க?" என்று கேட்டேன்.

அவர் நிமிராமலே சொன்னார்:

"கால ஊட்ல வச்சிட்டு வாங்க."