முதல் கியர் இல்லாத கல்யாண வண்டி

2019 ஜூன் பத்தாம் தேதி, திங்கட்கிழமை. மரோலோப் சியல்லாகனுக்கு வயது ஐம்பத்தாறு. அவர் ஓட்டும் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளுக்கு எழுபத்தெட்டு. அதன் கியர்பாக்ஸுக்கு வயது சொல்வதுதான் கஷ்டம். மேல்கூடு பர்மிங்ஹாமில் வார்த்தது. உள்ளே இருக்கும் பற்சக்கரங்களில் பாதி அவர் ஊரான சியாந்தாரின் பட்டறைகளில் கடைந்தவை. அச்சைத் தாங்கும் வளையமான ஒரு புஷ், எந்த வீட்டிலோ கழற்றிப் போட்ட பித்தளைக் குழாயிலிருந்து வந்தது.

அன்று காலை அது மொத்தமும் சமையலறை மேஜையில் செய்தித்தாள் விரிப்பின் மேல் கிடந்தது. மேஜையின் மறுபக்கம் மனைவி தியார்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தும்பால் அப்பா, அது என் சட்டிதானே?" மகன் பெயரைச் சொல்லித்தான் அவள் கணவனைக் கூப்பிடுவாள்.

"பழைய சட்டி."

"போன வாரம் வாங்கினது. மண்ணெண்ணெய் ஊத்தி கியரை ஊறப் போட்டிருக்கீங்க. இனிமே அதுல மீனைப் போட்டா, வறுபடாது, ஸ்டார்ட் ஆகும்."

மரோலோப் காதில் வாங்கவில்லை. பத்தொன்பது வயதிலிருந்து இந்த வண்டியில் ஆள் ஏற்றுகிறார். வண்டிக்கு இடப்பக்கம் கூரை போட்ட ஒரு பெட்டி. அதில் இரண்டு பேர் உட்காரலாம், சந்தை நாளில் நான்கு பேரும் ஒரு பன்றிக்குட்டியும். இத்தனை வருஷத்தில் வண்டியின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மனைவியின் சத்தத்தில்தான் அந்த நுட்பம் கைவரவில்லை.

இந்தத் தடவை அவசரத்துக்குக் காரணம் இருந்தது. சனிக்கிழமை நூரிந்தானுக்குக் கல்யாணம். தியார்மாவின் அண்ணன் கோம்கோம் மானுருங்கின் ஒரே மகள். ஆறு வயதில் விடுமுறைக்கு வந்தபோது பெட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தாள். "கல்யாணத்தன்னிக்கு இதுலயே சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன், இப்ப இறங்குடி தாயே" என்று கெஞ்சி இறக்கினார். அவர் அதை மறந்துபோனார். அவள் மறக்கவில்லை.

"மாமா, வண்டி ரெடியா? அப்பா வெள்ளைக் கார் ஒண்ணு பேசிட்டாரு. நீங்க வரலைன்னா என்னை அதுல ஏத்திருவாரு" என்று பாத்தாம் தீவிலிருந்து தினமும் போன் செய்தாள்.

ஓடும்போது மூன்றாவது கியர் தானாகக் கழன்றுகொண்டிருந்தது. கல்யாணப் பெண்ணை ஏற்றிக்கொண்டு அந்த வேலை நடந்தால் மானம் போகும். அதனால்தான் பிரித்தார். புதன்கிழமைக்குள் தேய்ந்த புஷ்ஷை மாற்றி, ஷாஃப்டுகளை ஏற்றி, முள்கரண்டி மாதிரியான இரண்டு நெம்புகோல்களையும் உட்கார வைத்துவிட்டார். ஒரே ஒரு நுணுக்கமான வேலை பாக்கி. கியர் மாற்றும் தகட்டின் பல்லும், காலால் மிதிக்கும் நெம்புகோலின் பல்லும் சரியான இடத்தில் கோத்துக்கொள்ள வேண்டும். ஒரு பல் தள்ளிப்போனால் ஏதாவது ஒரு கியர் கிடைக்காது.

வியாழக்கிழமை காலை கோம்கோம் குடும்பத்தோடு வந்து இறங்கினார். கல்யாணம் முடியும்வரை தங்கை வீட்டில்தான் தங்கல். கப்பல் இன்ஜின் அறையில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். மேஜையைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்தார்.

"தள்ளுங்க மாப்பிள்ளை. ஒன்பதாயிரம் குதிரைசக்தி இன்ஜினை இந்தக் கையால ஓட்டியிருக்கேன். இது கடிகாரம் மாதிரி இருக்கு."

மரோலோப் தள்ளினார். வேறு வழியில்லை. பெண் கொடுத்த வீட்டார் முன்னால் பெண் எடுத்தவர் குரல் உயர்த்துவது அந்த ஊரில் நடக்காத காரியம். விருந்தென்றால் பன்றி அறுப்பது, அடுப்பு மூட்டுவது, பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் பெண் எடுத்தவர் பக்கம். ஆசீர்வதிப்பது, அறிவுரை சொல்வது, நல்ல துண்டாகப் பார்த்துச் சாப்பிடுவது பெண் கொடுத்தவர் பக்கம். முப்பத்திரண்டு வருஷமாக மரோலோப் இதில் ஒரு குறையும் வைத்ததில்லை.

கோம்கோம் தகட்டை எடுத்தார், வைத்தார், மூடியை அழுத்தினார். ஒரு பல் தள்ளி. மரோலோப் கண்ணால் பார்த்தார்.

"மச்சான், இந்த மெஷின் கொஞ்சம் பிடிவாதக்காரி. ஒரு பல்லு இந்தப் பக்கம் வெச்சா சந்தோஷப்படுவாளோ என்னவோ."

"மெஷினுக்கு ஏது மாப்பிள்ளை சந்தோஷம்? அளவுதான்."

"அதுவும் சரிதான் மச்சான்."

தியார்மா வாயைத் திறந்தாள். மரோலோப் கண்ணைக் காட்டினார். கோம்கோம் பையிலிருந்து ஒரு குழாயை எடுத்து, கப்பலில் பூசும் பசையை மூடியைச் சுற்றிப் பிதுக்கினார். "கடல் தண்ணியே உள்ள போகாது" என்றார். அரைமணி நேரத்தில் அது கல்லாகிவிட்டது.

கொல்லையில் தியார்மா கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்புன்னு சொல்ல வேண்டியதுதானே? நாக்கை பேங்க்ல போட்டு வெச்சிருக்கீங்களா?"

"கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கறப்போ உங்கண்ணன் மூஞ்சில கரி பூசச் சொல்றியா? அவர் அந்தப் பக்கம் போகட்டும், பிரிச்சுடறேன்."

கோம்கோம் அந்தப் பக்கம் போகவில்லை. கியர்பாக்ஸை வண்டியில் பூட்டவைத்தார். வண்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற உறவுக்காரர்களுக்கெல்லாம் தன் வேலைப்பாட்டை விளக்கினார். வெள்ளிக்கிழமை ஓட்டிப் பார்த்தபோது இரண்டு, மூன்று, நான்கு என மூன்று கியர்களும் வெண்ணெயாக விழுந்தன. முதல் கியர் மட்டும் இல்லை. ஆக்ஸிலரேட்டரை முறுக்கி, கிளட்சைத் தேய்த்து, இரண்டாவதிலேயே கிளப்பினார் மரோலோப்.

பெட்டியில் இருந்த கோம்கோம் பூரித்துப்போனார். "பாத்தீங்களா, கிளம்புறப்போ ஒரு குலுக்கல் இல்லை!"

வண்டி நிறுத்தத்தில் ஒருவன் கத்தினான். "என்ன மரோலோப், கருகுற வாடை வருது! பெட்டிக்குள்ள சமையலா?"

சனிக்கிழமை காலை வீட்டு வாசல் சரிவாக இருந்ததால் வண்டி உருண்டு கிளம்பிவிட்டது. பெட்டியில் ஜரிகைச் சேலையும் தலையில் தங்கப் பட்டையுமாக நூரிந்தான். மடியில் பூங்கொத்து, பக்கத்தில் குண்டான ஒரு சித்தி. முன்னால் வெள்ளைக் காரில் கோம்கோம். பின்னால் இரண்டு வேன்களில் சியல்லாகன் வீட்டு ஆண்கள். பாஹ் போலோன் ஆற்றுப் பாலம்வரை எல்லாம் நன்றாகவே நடந்தது.

பாலத்தைத் தாண்டினால் ஏற்றம். அதில் ஏறத் தொடங்கியதும் ஒரு மீன் லாரி குறுக்கே வந்து நின்றது. மரோலோப் பிரேக் பிடித்தார். லாரி போய்விட்டது. வண்டி போகவில்லை. இரண்டாவது கியரில் இருமியது, நடுங்கியது, அணைந்தது. இன்னொரு முறை உதைத்துக் கிளப்பினார். அதேதான்.

"மாமா," என்றாள் நூரிந்தான் மெதுவாக. "அப்பா காரைத் திருப்பறாரு."

மரோலோப் பின்னால் பார்த்துக் கை காட்டினார். வேன்களிலிருந்து தம்பிகளும் பெரியப்பா மகன்களும் கோட்டும் டையுமாகக் குதித்தார்கள். ஒன்பது பேர். முதுகை வளைத்துத் தள்ள ஆரம்பித்தபோது கோம்கோம் வந்து நின்றார்.

"என்ன இது? வண்டிக்கு என்ன ஆச்சு?"

ஒன்பது பேரும் நிமிர்ந்தார்கள். மரோலோப் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி யோசித்தார். உண்மையைச் சொன்னால் மச்சான் தலைகுனிய வேண்டும், அதுவும் மகள் கல்யாணத்தில், நடுரோட்டில். கியர்பாக்ஸைத் திட்டினாலும் அதே கதைதான்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல மச்சான். ஏத்தம் வந்தா கல்யாணப் பொண்ணு இன்ஜின் பலத்துல மட்டும் ஏறக்கூடாது. எங்களை மாதிரி பொண்ணு எடுத்த வீட்டு ஆம்பளைங்க தோள் கொடுக்கணும். பழைய வழக்கமாச்சே?"

கோம்கோம் வாயைத் திறந்தார். முப்பது வருஷம் கடலில் இருந்தவர். ஊர் வழக்கம் தெரியாதவன் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று விமானத்தைவிட்டு இறங்கியதிலிருந்து பயந்துகொண்டிருந்தார். சுற்றிலும் பார்த்தார். வாயை மூடி, தொண்டையைச் செருமினார்.

"தெரியுமே! நானே சொல்லணும்னுதான் இறங்கி வந்தேன். எத்தனை பேரு? ஒன்பதா? சரியா இருக்கு. ஒத்தைப்படையாத்தான் இருக்கணும். ம், தள்ளுங்க!"

தள்ளினார்கள். நூரிந்தான் பூங்கொத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அழுகிறாள் என்று நினைத்துச் சித்தி கைக்குட்டையை நீட்டினாள். சர்ச் வாசலில் ஏற்றமே கிடையாது. ஆனாலும் கோம்கோம் விடவில்லை. "இங்கயும் தள்ளுங்க" என்றார்.

மண்டபத்தில் சாப்பாட்டைவிட இதுதான் சூடாகப் பரிமாறப்பட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், ஒன்பது தப்பு, ஏழுதான் முறை என்றார். இன்னொருவர், தள்ளுகிறவர்கள் செருப்பைக் கழற்றியிருக்க வேண்டும் என்றார். எங்கள் பக்கம் இறக்கத்தில்கூட வண்டியைப் பிடித்து இழுப்போம் என்று மூன்றாமவர் மேஜையைத் தட்டினார். கோம்கோம் மைக்கைப் பிடித்து, பெண் கொடுத்தவர் ஆசீர்வாதமாகப் போர்த்தும் உலோஸ் துணியை மரோலோப்பின் தோளில் போர்த்தி, "வழக்கம் மறக்காத மாப்பிள்ளை! கியர்பாக்ஸ் என் கை, தோள் அவர் கை!" என்று முழங்கினார். மரோலோப் குனிந்து வாங்கிக்கொண்டார். பரிமாறிக்கொண்டிருந்த தியார்மா கரண்டியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை கோம்கோம் குடும்பம் விமானம் ஏறியது. அன்று மத்தியானமே மரோலோப் உளியும் சுத்தியலும் வைத்துக் கப்பல் பசையைப் பெயர்த்தார். தகட்டை ஒரு பல் இந்தப் பக்கம் வைத்தார். முதல் கியர் விழுந்தது.

புதன்கிழமை அதே ஊரில் இருக்கும் சிஹோதாங் குடும்பத்திலிருந்து ஆள் வந்தது. வருகிற சனிக்கிழமை அவர்கள் பெண்ணுக்குக் கல்யாணம், இந்த வண்டிதான் வேண்டுமாம். தள்ளுவதற்கு ஏழு பேரை அவர்களே அழைத்து வருகிறார்கள். காலை எட்டு மணிக்கு, பாலத்து ஏற்றத்தில்.