அவள் பிடித்துத் தூங்கிய தோல்

என் மகளுக்கு ஏழு வயது ஆகும் வரை என் கையைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். கை என்றால் விரல் இல்லை. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, உட்பக்கம், கொழகொழவென்று ஒரு சதை இருக்குமே, அது. அதை இரண்டு விரலால் பிடித்து, கொஞ்சம் பிசைந்து, கொஞ்சம் முறுக்கி, அப்புறம்தான் கண்ணை மூடுவாள். ஆவடி குவார்ட்டர்ஸில் மத்தியான வேளையில் கரண்ட் போனால்கூட அந்த இடம் மட்டும் ஜில்லென்று இருக்குமாம். எனக்கோ புழுக்கத்தில் உடம்பெல்லாம் எரியும். கையை உருவினால் உடனே முழித்துக்கொள்வாள். அதனால் அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடப்பேன். விடமாட்டாளா என்று எத்தனை நாள் அலுத்துக்கொண்டிருக்கிறேன் தெரியுமா? அந்த அலுப்பை நினைத்தால் இப்போது என்மேலேயே கோபம் வருகிறது.

அப்போது நான் குண்டு. அவள் அப்பா கேலி செய்வார். "உனக்கு எதுக்குடி தலைகாணி? அதான் உங்கம்மா இருக்காளே." அவர் போய் ஐந்து வருஷம் ஆகிறது. அவள் கல்யாணமாகி புனேவுக்குப் போய் மூன்று வருஷம். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வெள்ளானூரில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். பாடியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை. ஒருத்திக்காக யார் குழம்பு கூட்டி, பொரியல் செய்து, அப்பளம் சுடுவது? தயிரும் ஊறுகாயுமாக ஓட்டியதில் இருபது கிலோ இறங்கிவிட்டது. ஆபீஸில் எல்லாரும் டயட் என்ன என்று கேட்டார்கள். சதை போனது, ஆனால் அதைச் சுற்றியிருந்த தோல் எங்கேயும் போகவில்லை. இரண்டு சுற்று பெரிதாகத் தைத்துவிட்ட ரவிக்கை மாதிரி கையிலும் வயிற்றிலும் தொங்கிக்கொண்டு நின்றது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். பார்த்தார்களோ இல்லையோ, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தது. ஏழாம் மாதம் பூந்தமல்லியில், அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு என்று முடிவானது. பிரசவம் புனேவிலேயே. அங்கே டாக்டர் நல்லவராம், இந்த நேரத்தில் மாற்ற வேண்டாமாம். வழக்கப்படி தாய் வீட்டுக்கு வருகிற பேச்சே இல்லை. எனக்கு ஏமாற்றம்தான். அவளே சமாதானம் சொன்னாள்.

"வளைகாப்புக்கு முந்தின நாள் உன்கூட வந்து படுத்துக்கிறேம்மா. ஒரு நாள். யாரும் வேண்டாம், நீயும் நானும் மட்டும்."

கூடவே இன்னொன்றும் சொன்னாள். "முதல் வளையல் நீதான் போடணும். யார் என்ன சொன்னாலும் சரி."

புருஷன் இல்லாதவளை வளைகாப்பில் பின்வரிசையில் உட்கார வைக்கும் ஜனங்கள் நாங்கள். முதல் வளையல் என் கையால் என்றால் கூடமே அந்தக் கையைத்தான் பார்க்கும். வீடியோக்காரர் பக்கத்தில் வந்து எடுப்பார். நான் கையைப் பார்த்தேன். தொங்கியது.

அம்பத்தூரில், ஒரு பர்னிச்சர் கடைக்கு மேலே இருக்கும் தோல் டாக்டரிடம் போனது இப்படித்தான். வெள்ளானூரில் யாருக்கும் சொல்லவில்லை, மகளுக்கும் சொல்லவில்லை. டாக்டர் சின்னப் பெண், ஆனால் பொய் சொல்லாத பெண். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "ஊசி போட்டா தொங்குறது அப்படியே மேல ஏறிடாதும்மா. தோல் கொஞ்சம் இறுகும், அவ்வளவுதான். மாசம் ஒரு தடவை, நாலஞ்சு தடவை வரணும். பொறுமை வேணும்" என்றார்.

"எப்படி இறுகும்?"

"பொடிப் பொடியா காயம் பண்ணுவோம். அதை ஆத்திக்கிறப்போ உங்க தோலே தன்னை இறுக்கிக்கும்."

ஐந்து வருஷத்தில் பட்ட காயத்துக்கு நான் இரும்பாகவே ஆகியிருக்க வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். மரத்துப் போகும் களிம்பைத் தடவி, சமையலறையில் மாவுருண்டையை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கையில் சுற்றி முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். அப்புறம் பேனா மாதிரி ஒரு கருவி. அதன் முனையில் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள். தையல் மெஷின் ஓடும் சத்தம். வலி இல்லை, ஆனால் எலும்புக்குப் பக்கத்தில் ஒரு கூச்சம். முதல் தடவை முடிந்து மறுநாளே சிவப்பு அடங்கிவிட்டது. வெற்றி என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடி முன்னால் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். மாறியிருந்தது போலவும் இருந்தது, மாறாதது போலவும் இருந்தது.

இரண்டாவது தடவை, இரண்டு கைகளோடு வயிற்றுக்கும் சேர்த்து. வயிறும் அவள் இருந்த இடம்தானே. "பக்கத்துல ஏதாவது விசேஷம் இருக்கா? இருந்தா தள்ளிப் போட்டுடலாம்" என்று டாக்டர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு ஐந்து நாள்தான் இருந்தது. இல்லை என்று தலையாட்டினேன். போன தடவை ஒரே நாளில் அடங்கியதே என்ற தெம்பு. மூன்று நாளைக்கு இந்தக் களிம்பைத் தவிர வேறு எதுவும் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கே, செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கை எரிந்தது. கை எரிந்தால் நாம் என்ன செய்வோம்? மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினேன். டாக்டர் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. மஞ்சளை யாராவது "வேறு எது"வில் சேர்ப்பார்களா?

புதன்கிழமை காலையில் மேலிருந்து கீழ் வரை சிவப்புச் சிவப்பாகத் தடித்து, அங்கங்கே கொப்புளம் மாதிரி கிளம்பியிருந்தது. சேலை கட்ட முடியவில்லை. கை வைக்காத நைட்டியோடு மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, வடகம் காய வைக்க வந்த வீட்டுக்கார அக்கா பார்த்துவிட்டார். இந்த வீட்டு மனை வயலாக இருந்த காலத்தில் இதிலேயே நாற்று நட்டவர். இப்போது வாடகை வாங்குகிறார். வாய் பெரிசு, மனசும் அப்படித்தான்.

"இன்னாம்மா இது, கையெல்லாம் முத்து முத்தா போட்டுக்கினு கீது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா வந்துகீறா! மஞ்சகூட பூசிக்கினு கீறியே. வவுத்துலயும் கீதா?"

இருக்கிறது என்று தலையாட்டினேன். அது பொய் இல்லை. வயிற்றிலும் இருந்தது. ஆனால் அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அக்கா, இது அம்மை இல்லை, அழகுக்காகக் குத்திக்கொண்டது என்று. புருஷன் போனவளுக்கு, ஐம்பதைத் தொடப்போகிறவளுக்கு, யாருக்காக அழகு என்று அவர் கேட்டுவிட்டால்? அவர் கேட்கவே இல்லை. நானே எனக்குள் கேட்டு, நானே வாயை மூடிக்கொண்டேன்.

பத்து நிமிஷத்தில் என் வாசல்படியில் ஒரு கொத்து வேப்பிலை தொங்கியது. தலைமாட்டில் ஒரு கொத்து. கீழேயிருந்து மோர் வந்தது, இளநீர் வந்தது. "தாளிக்காத. எண்ணெச் சட்டி வெக்காத. ஊட்ட வுட்டு வெளிய வராத. ஞாயித்துக்கெழம மொத தண்ணி ஊத்திக்கலாம்." இளநீரை நீட்டும்போது பயபக்தியோடு இரண்டு கையாலும் நீட்டினார். எனக்குக் கூசியது. ஆபீஸுக்கும் அம்மை என்றே சொல்லி லீவு போட்டேன். ஒரு பொய் சொன்னால் அதற்குத் துணைக்கு ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம்தான் மகள் வருவதாக இருந்தது. அதற்குள் தடிப்பு அடங்கிவிடும், வேப்பிலையை அவிழ்த்துவிட்டு அக்காவிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை முழுவதும் அந்த விரிப்பைத்தான் தடவிக்கொண்டிருந்தேன். அவள் சுவர்ப் பக்கம் படுப்பாள். நான் இந்தப் பக்கம். கையை நீட்டுவாளா, வெட்கப்படுவாளா? முப்பது வயதில் யார் அம்மா கையைப் பிசைந்துகொண்டு தூங்குவார்கள்? ஆனாலும் எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவு வேண்டியிருந்தது.

அவள் சனிக்கிழமை பதினோரு மணிக்கே வந்துவிட்டாள். எனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று. கார்ச் சத்தம் கேட்டு மாடி வராந்தாவுக்கு ஓடினேன். வயிற்றைத் தாங்கிக்கொண்டு இறங்கினாள். காருக்குள் அவள் மாமியார். கேட்டைத் திறந்ததும் அக்கா குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

"நில்லு கண்ணு, நில்லு! வாயும் வவுறுமா கீற, படியேறாத. உங்கம்மாவுக்கு ஆத்தா வந்து நாலு நாளாவுது. சொல்லலியா உன்னாண்ட?"

மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நான் மேலே, வேப்பிலைக்குப் பக்கத்தில், நைட்டிமேல் போட்டிருந்த துப்பட்டாவால் கையை மூடிக்கொண்டு நின்றேன். மாமியார் கார்க் கண்ணாடியை ஏற்றுவது தெரிந்தது. "ஏம்மா சொல்லல?" என்று மகள் கேட்டாள். கத்திக் கேட்கவில்லை, ஆனால் எனக்குக் கேட்டது. ஒரு வார்த்தை போதும். ஒரே ஒரு வார்த்தை. காருக்குள் சம்பந்தியம்மா, கீழே அக்கா, எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை. துப்பட்டாவை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா, நான் போயிட்டு..." என்று ஆரம்பித்தாள்.

அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "அப்டி சொல்லாத கண்ணு. ஆத்தா கீற ஊட்ல போய்ட்டு வரேன்னு சொல்லிக்கினு போவக் கூடாது. அப்டியே திரும்பிப் போ."

அவள் அப்படியே திரும்பிப் போனாள்.

கார் தெருமுனை தாண்டும் வரை நின்றேன். அப்புறம் எனக்கு வந்தது பாருங்கள் ஓர் ஆத்திரம், என்மேல்தான். வேப்பிலையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்பத்தூர், பேனா, ஊசி, மஞ்சள் எல்லாம். அவர் வாயைத் திறந்தபடி கேட்டார்.

"அடிப்பாவி! ஊசி குத்திக்கினேன்னு சொன்னா நான் இன்னா உன்ன கட்ச்சா துன்னுடுவேன்? உனுக்காக ஆத்தாளுக்குக் கூழு ஊத்துறேன்னு வேண்டிக்கினனே!" அரை நிமிஷம் முறைத்தார். "கூழு நீதான் ஊத்தணும். இப்போ ஆட்டோவப் புடி, போ. கொழந்த அழுதுக்கினே போவுது."

பருத்திப்பட்டு ரோடெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பூந்தமல்லியில் கூடத்தில் வைத்து, சம்பந்தியம்மா எதிரிலேயே துப்பட்டாவை விலக்கிக் கையைக் காட்டினேன். க்ளினிக் சீட்டையும் காட்டினேன். மகள் முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் திட்டினாள். சம்பந்தியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நீங்க சொல்றத நம்புறேன் சம்பந்தி. ஆனா வேப்பிலை கட்டின வீடு கட்டின வீடுதான். இந்த நிலைமையில அவளை அங்க படுக்க அனுப்ப எனக்கு மனசு வரல. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு என்ன வாய் இருக்கிறது? அந்த ஒரு நாளை நானே பொய்யால் கட்டித் தொங்க விட்டுவிட்டேன். காபி கொடுக்கும்போது அவரே குரலைத் தாழ்த்தி, "அது ரொம்ப வலிக்குமா? வயித்துக்கும் செய்வாங்களா?" என்று கேட்டார். அட்ரஸ் சொன்னேன்.

சாப்பிட்டதும் மகள் உள்ளறையில் சாய்ந்தாள். "வா, கொஞ்ச நேரம்" என்றாள். பக்கத்தில் படுத்தேன். மேலே மின்விசிறி சுற்றியது. பேசிக்கொண்டே இருந்தவள் பேச்சை நிறுத்தினாள். கை வந்தது. பழைய இடத்தைத் தேடிப் பிடித்தது, பிசைந்தது, முறுக்கியது. ஊசி குத்தி நாலு நாள் ஆன தோல், மஞ்சளில் வெந்த தோல். உயிர் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன்.

"இன்னும் ஜில்லுன்னுதாம்மா இருக்கு" என்று தூக்கத்தில் சொன்னாள்.

ஒரு மணி நேரம் இருக்கும். நான் கையை உருவவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, போயிட்டு வரேன் என்று மூன்று தடவை சொன்னேன். மறுநாள் முழங்கை வரை கை வைத்த ரவிக்கை போட்டுக்கொண்டு முதல் வளையலைப் போட்டேன். வீடியோவில் என் கையே தெரியவில்லை. அவள் முகம்தான் தெரிகிறது.

இப்போது பேத்திக்கு நாலு மாதம். போனில்தான் பார்க்கிறேன். அவளும் தூங்கும்போது எதையாவது பிடித்துக்கொள்கிறாளாம். அவள் அம்மா கையில் இன்னும் அவ்வளவு சதை இல்லை, துணியைத்தான் பிடிக்கிறாளாம். அதைக் கேட்ட நாளிலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்தால் என் கை தானாகப் போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நானே பிடித்தால் அது வெறும் தோல்தான்.

மூன்றாவது தடவைக்கு எப்போது வருகிறீர்கள் என்று க்ளினிக்கிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போன வாரமும் கூப்பிட்டார்கள். புனேவிலிருந்து ஒரு ஆள் வர வேண்டியிருக்கிறது, அவள் வந்து ஒரு தடவை பிடித்துத் தூங்கிவிட்டுப் போகட்டும், அதுவரைக்கும் இது இப்படியே தொங்கட்டும் என்று சொன்னேன். அந்தப் பெண் சரிங்க மேடம் என்று போனை வைத்துவிட்டாள்.