ஹில்டா அம்மா மாட்டிவிட்ட பூட்ஸ்

போன வாரம் சார்லஸ் போன் செய்தான். சிறு வயதில் என்னோடு ஒரே மிஷன் முகாமில் காலுக்கு இரும்பு மாட்டிக்கொண்டவன். இப்போது சென்னையில் இருக்கிறான். "ஹில்டா அம்மா கர்த்தர்கிட்ட போய்ட்டாங்க. ஜெர்மனிலேர்ந்து தகவல் வந்துது" என்று சொல்லிவிட்டு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. நினைவுக் கூட்டம் வைத்து மலர்ப் புத்தகமும் போடுகிறார்களாம். "நீதான் எழுதறவ. நல்லதா நாலு வார்த்த எழுதிக் குடு" என்றான். நல்லதாக வருமா என்று தெரியாது, நடந்ததை எழுதித் தருகிறேன் என்றேன். அவரை உயிராக நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள். பொங்கல் முடிந்ததும் உத்திரமேரூர்ப் பக்கத்து மிஷன் காம்பவுண்டில் ஜெர்மனிக் குழு வந்து இறங்கும். இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிய பிள்ளைகளை இடுப்பில் சுமந்துகொண்டு புள்ளலூர், தென்னேரியிலிருந்தெல்லாம் தாய்மார்கள் வருவார்கள். பிள்ளைக்குக் காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பர், குடும்பத்துக்குப் பால் பவுடர். குழுவுக்குத் தலைவி ஹில்டா அம்மா. உழைப்பில் குறை சொல்ல மாட்டேன். தரையில் உட்கார்ந்து காலையிலிருந்து எங்கள் கால்களை நீவிக்கொண்டே இருப்பார். ஆனால் அவருடைய தமிழில் கட்டளைகளே அதிகம். எனக்குப் பத்து வயது, என்னை விரட்டியது பரவாயில்லை. என் நைனாவையும் "நீ வா, நீ போ" என்றார். ஊரில் நிலக்காரர் வீட்டுப் பொடியன்களும் நைனாவை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கடல் தாண்டி வந்தவராவது கொஞ்சம் மரியாதை கொடுத்திருக்கலாம்.

நான் விழுந்தால் அம்மா ஓடி வருவாள். ஹில்டா அம்மா கையை நீட்டித் தடுத்துவிடுவார். "விழட்டும். அவள் எழுவாள்" என்பார். கூட்டத்தில் யாராவது இதை உருகி உருகிச் சொல்லப் போகிறார்கள். என் முட்டியைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும்.

அவர் மாட்டிய காலிப்பரின் அடியில் தோல் பூட்ஸ் சேர்த்தே தைத்திருக்கும். குளிர் தேசத்து பூட்ஸ். சித்திரை வெயிலில் அதற்குள் காலை விட்டுப் பார்த்தால் தெரியும், பாஸ்டர் ஐயா ஞாயிறுதோறும் வர்ணித்த நரகம் எவ்வளவோ தேவலை என்று. "காலையில் போட வேண்டும். ராத்திரி கழற்ற வேண்டும். நடுவில் கூடாது" என்பது அவர் சட்டம். எங்கள் சபையிலோ செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். மூப்பர் என் காலைப் பார்த்துவிட்டு, "கர்த்தர் சன்னதில இன்னாடி பூட்ஸு? கயட்டிட்டு வா" என்றார். அம்மா வாரை அவிழ்க்கக் குனிந்தாள். ஹில்டா அம்மா அவள் கையைத் தட்டிவிட்டு, எல்லோரும் பார்க்க, என்னை பூட்ஸோடு பலிபீடம் வரை நடத்தினார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. கொஞ்ச நாளில் அவர் விமானம் ஏறிவிட்டார். நானும் அம்மாவும் மாதக்கணக்கில் கோயிலுக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டோம். பிறகு மூப்பரின் பேரன் காலுக்கும் அதே பூட்ஸ் வந்தது. கர்த்தர் உடனே மனம் மாறினார்.

ஆறாம் வகுப்புக்கு ஊர்த்தெருவைத் தாண்டிப் போக வேண்டும். எங்கள் ஆட்கள் அந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார்கள். நைனா பிறந்ததிலிருந்து அப்படித்தான். அதனால் தெருமுனையில் அம்மா என் காலிப்பரைக் கழற்றி, என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, இரும்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பாள். மறுமுனையில் மாட்டிவிடுவாள். மறு வருஷம் வந்த ஹில்டா அம்மா இதைப் பார்த்துவிட்டார். நைனாவைக் கூப்பிட்டு, "தெருவில் நடக்க ஏன் கழற்ற வேண்டும்? நீ சொல்" என்றார். பாஸ்டர் ஐயா ஆங்கிலத்தில் விளக்கிச் சொன்னார். "அது தப்பு. நாளைக்கு அவள் நடப்பாள்" என்றார் ஹில்டா அம்மா.

"நீங்க பிளேன் ஏறிப் போய்டுவீங்கம்மா. நாங்க இங்கதான கீறோம்" என்றார் நைனா. அவர் மிஷன் ஆட்களிடம் எதிர்த்துப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மறுநாள் காலையில் ஹில்டா அம்மா வந்து என் பக்கத்தில் நடந்தார். வெள்ளைக்காரியைப் பார்த்துத் தெருவே வாயை மூடிக்கொண்டது. அவர் ஊருக்குக் கிளம்பும்வரை ராஜாத்தி மாதிரி நடந்தேன்.

அவர் போன மறுநாள் நைனாவும் கூட வந்தார். நைனா வேலை செய்யும் நிலத்துக்காரர் வாசலில் நின்றிருந்தார். "வெள்ளக்காரிதான் பூட்டாளே, இன்னும் இன்னா? கயட்டச் சொல்லு" என்றார். "கயட்டிடு கண்ணு, பேஜாரு வேணாம்" என்று அம்மா என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். நான் நைனாவைப் பார்த்தேன். அவர் நிலத்துக்காரரைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தார். "வேணாம் வுடு. கொயந்த நடக்கட்டும்" என்றார். நடந்தேன். தெரு அன்றைக்கு எவ்வளவு நீளமாக இருந்தது என்று எழுத எனக்கு வராது.

அதற்குப் பிறகு நைனாவை நடவுக்கோ அறுப்புக்கோ ஒருவரும் கூப்பிடவில்லை. வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கப் போனார். அங்கேயே முதுகு போயிற்று. அடுத்த பொங்கலுக்கு வந்த ஹில்டா அம்மாவிடம் அம்மா இதைச் சொல்லி அழுதாள். "ஜெபம் பண்ணு" என்றார். பிறகு கேமராவை எடுத்துக்கொண்டு ஊர்த்தெருவுக்கு வந்தார், நான் நடப்பதை அவர் நாட்டுச் சபைக்குக் காட்டுவதற்காக. மில்லிலிருந்து நேராக வந்த நைனா என் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அதுவரை யாரும் படம் எடுத்ததில்லை.

"நீ தள்ளு" என்றார் ஹில்டா அம்மா. நைனா தள்ளி நின்றார்.

இதை நான் மன்னிக்கவில்லை. செத்துப் போனார் என்பதற்காக இப்போது மன்னிக்கவும் போவதில்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய பிடிவாதம் ஒன்றுதான். அந்தப் பிடிவாதத்தோடு கேட்கிறேன். நான் நடக்கும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கூட்டத்தில் வைக்கப் போவதாகச் சார்லஸ் சொன்னான். வையுங்கள். ஹில்டா அம்மா நடக்க வைத்த சிறுமி என்று மட்டும் கீழே எழுதாதீர்கள். அந்தத் தெருவில் என்னை நடக்க வைத்தவர் பெயர் மாசிலாமணி. படத்துக்கு வெளியே, நிற்கச் சொன்ன இடத்தில், மில் தூசியோடு நின்றுகொண்டிருந்தார்.