பென்டிரைவுக்கு வைத்த பொட்டு

"விடாமல் தட்டவும்" என்று நான் எழுதிக் கொடுத்த ஒரே காரணத்துக்காக, வெள்ளிமலை ஆபீசில் அக்கா காலையிலிருந்து கம்ப்யூட்டரின் ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்த காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது. பதினொரு மணிக்கு நான் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போனபோது, ஒரு கையால் தட்டிக்கொண்டே இன்னொரு கையால் டீ குடித்துக்கொண்டிருந்தார். "எப்ப நிறுத்தணும்னு நீ எழுதலியே தம்பி. அதான் தட்டிக்கினே இருக்கேன்" என்றார்.

மலையில் விளையும் சாமை, கடுக்காயை விற்றுக் கொடுக்கும் சங்கம் எங்களுடையது. கீழே கச்சிராயபாளையம் ஆபீசில் நான். மேலே வெள்ளிமலையில், நான் அக்கா என்று கூப்பிடும் அந்த அம்மா ஒருவர்தான். காசில்லாமல் யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்பதால் கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளாக லினக்ஸைத்தான் போட்டிருந்தோம். வேலை நடுவில் கரண்ட் போய்ப் போய், மலை ஆபீஸ் கம்ப்யூட்டர் அடிக்கடி திறக்காமல் படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் நான் மேலே போக வேண்டும். மேனேஜருக்குச் சலித்துவிட்டது. "விஜயதசமி அன்னிக்கு வரேன். யார் உதவியும் இல்லாம அந்தம்மாவே அத எழுப்பிக் காட்டட்டும். இல்லன்னா மேல ஆபீஸ் வேணாம்" என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு வேலை போகும். மலை ஜனங்கள் எல்லாவற்றுக்கும் கீழே இறங்கி வர வேண்டும்.

படுத்த கம்ப்யூட்டரை எழுப்பிச் சரி செய்யும் பென்டிரைவ் ஒன்றைச் சேலத்து டெக்னீசியன் போட்டுக் கொடுத்தார். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதும் வேலை பன்னிரண்டாவது படித்த என் தலையில் விழுந்தது. நான் எழுதுவேன், அக்கா செய்து பார்ப்பார், அவர் தடுமாறும் இடத்தில் திருத்துவேன். காகிதத்தில் இருப்பதற்கு ஒரு இம்மி கூடவோ குறையவோ செய்ய மாட்டார். "திரையைப் பார்த்து முடிவு செய்யவும்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். "நான் அதப் பாத்தேன். அதுவும் என்னப் பாத்துது. இதுல முடிவு பண்றது யாரு தம்பி?" என்றார். ஒரு பக்கமாக ஆரம்பித்தது நான்கு பக்கமானது.

கடைசியாக ஒருமுறை சரிபார்க்கலாம் என்று பென்டிரைவைக் கீழே கொண்டு வந்திருந்தேன். ஆயுத பூஜையும் வந்தது. தராசு, கத்தரிக்கோல், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவன், ஒரு மனுஷியின் பிழைப்பே இதில்தானே இருக்கிறது என்று பென்டிரைவுக்கு மட்டும் சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக வைத்தேன். நல்லது உள்ளே போகட்டும் என்று, கம்ப்யூட்டரில் செருகும் அதன் வாயிலேயே வைத்தேன். பகவானே, அப்போது அது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை.

மறுநாள் மேனேஜரும் நானும் மலையேறினோம். கம்ப்யூட்டர் சொல்லி வைத்தாற்போல் படுத்திருந்தது. அக்கா காகிதத்தை விரித்து, பென்டிரைவைச் செருகி, எழுதியபடியே தட்டி, எழுதியபடியே நிறுத்தினார். திரை கறுப்பாகவே இருந்தது. இன்னொரு தடவை செய்தார். அப்போதும் அதே கறுப்பு. நான் மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா பென்டிரைவைப் பிடுங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, மூக்கருகே கொண்டு போனார்.

"இன்னா தம்பி, சந்தன வாசன வருது?"

நான் தரையைப் பார்த்தேன். மேனேஜர் எழுந்து, "அப்ப பூட்டிடலாமா?" என்றார்.

அக்கா நான்காம் பக்கத்தைத் திருப்பி உரக்கப் படித்தார். "இதற்கு இன்னொரு நகல் எடுத்து, ஈரம் படாத இடத்தில் தனியாக வைக்கவும்." டெக்னீசியன் சொன்னாரே என்று எழுதிய வரி. எழுதிய நானே அதைச் செய்திருக்கவில்லை. "கொஞ்சம் குந்துங்க சார்" என்று பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குப் போனவர், முழங்கை வரை சாமைத் தவிட்டோடு திரும்பினார். கையில் பிளாஸ்டிக் பையில் முடிந்த இன்னொரு பென்டிரைவ்.

"எங்க வூட்டுல ஈரம் படாதது சாமப் பானதான். இது வூட்டுக்காரரோட பாட்டு பென்டிரைவு. நீ அதக் கீழ கொண்டு போறதுக்கு முன்னாடியே, இதுல இருந்த எல்லாத்தயும் அழிச்சிட்டு ஏத்தி வெச்சேன். அவருக்கு இன்னும் தெரியாது."

அரை மணி நேரத்தில் கம்ப்யூட்டர் எழுந்து உட்கார்ந்தது. மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆபீஸ் இருக்கட்டும்" என்றார்.

அவர் வெளியே போனதும், "பொட்டு வைக்காதீங்கன்னு ஒரு வரி சேத்துடு தம்பி" என்றார் அக்கா. எனக்குக் கை வரவில்லை. அப்படி எழுதினால் சாமி குற்றம் ஆகாதா என்றேன். "சாமிக்கே நெத்தியிலதான வெக்கிறோம்? வாயிலயா அப்புறோம்?" என்றார்.

அந்த நான்கு பக்கத்தை, எல்லாருக்கும் பயன்படட்டும் என்று டெக்னீசியனின் லினக்ஸ் நண்பர்கள் இன்று இணையத்தில் போட்டிருக்கிறார்கள். என் தமிழை நிறையத் திருத்தினார்கள், சரி என்றேன். கடைசி வரியை மட்டும் இது எதற்கு, எடுத்துவிடலாமே என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். எந்த ஊரிலாவது என்னைப் போல் ஒருவன் சந்தனக் கிண்ணத்தோடு நிற்பான். அவனுக்காக அது அங்கேயே இருக்கிறது: "பொட்டு வைப்பதானால் பின்பக்கம் வைக்கவும்."