மூலை அறைப் பெண்

எழுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் சிட்னிக்கு வந்த இரண்டாம் வருடம், துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு பழைய பப்பில் அம்மாவுக்குத் துப்புரவு வேலை கிடைத்தது. அந்தக் காலத்தில் நாடுகடத்திக் கப்பலில் கொண்டுவந்த கைதிகள் வெட்டிய கல்லால் கட்டிய கட்டடம். கீழே குடிக்கிற இடம், மேலே தங்குவதற்கு ஆறு அறைகள். பள்ளி விடுமுறையில் ஒன்பது வயதுப் பெண்ணைத் தனியே விட மனமில்லாமல் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போவார்.

பப்பின் சொந்தக்காரிக்குத் தன் பியரைவிடப் பேயில்தான் பெருமை அதிகம். நூறு வருடத்துக்கு முன் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த வேலைக்காரப் பெண் ஒருத்தி, ஊர்க் கடிதத்துக்குக் காத்திருந்தே காய்ச்சலில் மேல்மாடி மூலை அறையில் செத்துப்போனாளாம். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்தப் பெண்ணின் வயது ஒன்று குறையும். முன்பு வேலைக்கு வந்த இரண்டு பேர் அந்த அறைக்குள் போக மறுத்து வேலையை விட்டே நின்றுவிட்டார்களாம்.

"எனக்கென்ன பயம்? பாவம், அந்தப் பிள்ளை," என்றார் அம்மா.

ஒரு மத்தியானம் பசி பொறுக்காமல் மாடியேறினேன். மூலை அறைக்குள் பேச்சுக்குரல். சாவித் துவாரத்தால் பார்த்தேன். அம்மா கட்டில் விளிம்பில் இருந்தபடி, யன்னலோரத்தில் யாரும் உட்காராத வெறுங்கதிரையைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஊரிலை தங்கச்சிக்குக் கலியாணம் முடிஞ்சு படம் வந்திருக்கு. கறுப்பு வெள்ளைப் படம், கூறைச்சேலை என்ன நிறமெண்டு தெரியேல்லை. எனக்கு அந்த ஒரு கவலைதான் எண்டு நினைக்காதை."

பிறகு சிரித்தார். அம்மா அப்படிச் சிரித்துக் கேட்டு நாளாகியிருந்தது.

பேய் அம்மாவைப் பிடித்துவிட்டது என்று கீழே ஓடிப்போய்ச் சொன்னேன். சொந்தக்காரி மேலே வந்து கதவில் காது வைத்துக் கேட்டாள். அம்மாவின் வேலை போய்விடும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளோ என் கையைப் பிடித்துச் சத்தமில்லாமல் கீழே கொண்டுவந்து, பாண் வெட்டி ஜாம் பூசித் தந்தாள். அன்றிலிருந்து மூலை அறையை ஆறுதலாக, அவசரப்படாமல் கடைசியில் துப்புரவு செய்தால் போதும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். குடிக்க வருகிறவர்களிடம், பேய் இப்போது பழைய ஐரிஷ் மொழியில் பேசவும் தொடங்கிவிட்டது என்றாள். அம்மா அதைக் கேட்டபடியே தரை துடைத்தார்.

ஒருநாள் திரும்பும் வழியில், ரயிலில், பேய் என்ன சொன்னது என்று கேட்டேன்.

"அவள் ஒண்டும் சொல்ல மாட்டாள். கேட்டுக்கொண்டிருப்பாள். எனக்கு அது காணும்."

அயர்லாந்துக்காரிக்குத் தமிழ் எப்படி விளங்கும் என்று அடுத்த கேள்வி கேட்டேன். ஆங்கிலத்தில்தான் கேட்டேன். பக்கத்திலிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று வெளியில் தமிழ் கதைப்பதை நிறுத்தியிருந்தேன். நாளடைவில் வீட்டிலும் அதுவே பழகிப்போயிருந்தது. அம்மா ஏன் என் தலையைத் தடவினார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.