இருபத்து நாலு இஞ்ச்

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் இருபத்தெட்டு வருடமாக சட்டை செக்‌ஷனில் நிற்கிறேன். ஆள் படியேறி வரும்போதே முப்பத்தெட்டா, நாற்பதா என்று சொல்லிவிடுவேன். டேப்பை எடுத்து அளக்கிற புதுப் பையன்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் இளக்காரம்தான். அந்த மிதப்போடுதான் அடையாறில் இருந்த அந்தத் தொழிற்கூடத்துக்கும் போனேன்.

சக்கர நாற்காலி, காலில் மாட்டுகிற இரும்புக் காலிப்பர், கக்கத்துக் கட்டை எல்லாம் செய்கிற இடம் அது. என் அக்காவுக்கு ஒரு சக்கர நாற்காலி சொல்ல வேண்டியிருந்தது. அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. கைக்குழந்தையாக இருக்கும்போதே போலியோ வந்து இரண்டு காலும் விளங்காமல் போய்விட்டது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுத் தரையில் கையை ஊன்றி ஊன்றி நகர்ந்தே காலத்தை ஓட்டினாள். புடவைக்கு ஃபால்ஸ் தைத்துத் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டாள். போன மழைக்காலத்தில் தோள்பட்டை இரண்டும் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து பாத்ரூமுக்குப் போக வேண்டுமென்றாலும் நானோ என் மனைவியோ தூக்க வேண்டும். நாங்கள் கை வேலையை முடித்துவிட்டு வரும்வரை வாயைத் திறக்காமல் காத்திருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைக் கேட்டேன். எதற்கு என்றாள். "உனக்கு வீல்சேர் சொல்லப்போறேன்" என்றேன். தலையைக் குனிந்து, டேப்பைக் கழற்றிக் கொடுத்தாள். நான் வீடு முழுக்க அளந்தேன். ஹால் கதவு முப்பது, சமையலறை இருபத்தெட்டு, பின்னறை இருபத்தாறு, பாத்ரூம் இருபத்து நாலு. வாங்கி வந்த பிறகு கதவில் இடித்துக்கொண்டு நிற்கக்கூடாது பாருங்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, டேப்பை அவள் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

தொழிற்கூடத்தைச் சுற்றிக் காட்ட ஒரு அம்மா வந்தார். நாற்பதைத் தாண்டியவர், வலது காலில் காலிப்பர். சிமெண்ட் தரையில் டக் டக்கென்று எனக்கு முன்னால் வேகமாகப் போனார். ஒரு பக்கம் வெல்டிங். இன்னொரு பக்கம் ஒருவர் தாழ்வான பலகையில் உட்கார்ந்து, சக்கரத்தைச் சுழற்றிவிட்டு ஒற்றைக் கண்ணால் கோணல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டும் இல்லை. அங்கே பாதிப்பேர் அப்படித்தான். என் வாய் சும்மா இருக்குமா?

"பாவம், இவ்வளவு கஷ்டத்துலயும் வேலை செய்றாங்களே" என்றேன்.

"சாப்ட்டதுக்கு அப்பால கொஞ்சம் தூக்கம் வரும் சார். வேற கஷ்டம் இன்னா கீது?" என்றார் அந்த அம்மா. சக்கரம் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சிரித்தார். எனக்கு அசடு வழிந்தது.

கடைசியில் அளவு எடுக்கிற மேஜைக்கு வந்தோம். நான் ஜம்பமாகத் தாளை நீட்டினேன். அந்த அம்மாவே வாங்கி மேலிருந்து கீழே படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறும் தாள்.

"இன்னா சார், வூட்டை அளந்துகினு வந்துக்கீறீங்க. ஆளோட அளவு எங்க?"

முதலில் எனக்குப் புரியவில்லை. இடுப்பு அகலம், தொடை நீளம், முட்டியிலிருந்து குதிகால் வரை, இதெல்லாம் வேண்டும் என்றார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. முன்பின் தெரியாதவன் சட்டை சைஸைப் பத்தடி தூரத்தில் சொல்கிறவன் நான். கண்ணை மூடிக்கொண்டு அக்காவை நினைத்துப் பார்த்தேன். அவள் தலைதான் தெரிந்தது. எப்போதும் மேலே நின்றுகொண்டே பேசியிருக்கிறேன்.

"சரி, அவங்களே ஓட்டிப்பாங்களா, ஒருத்தர் தள்ளணுமா?" என்றார். தானே ஓட்டுவதென்றால் பெரிய சக்கரம், அகலம் கூடும், இருபத்து நாலு இஞ்ச் கதவில் நுழையாது. தள்ளுகிற வண்டிக்குச் சின்னச் சக்கரம், நுழைந்துவிடும். நான் யோசிக்கவே இல்லை.

"நாங்களே தள்ளிக்குவோம்."

"அவங்க சொன்னாங்களா?"

"ஆமா" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

தாளில் பின்னறைக் கதவு என்று எழுதியிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் ஹாலில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டபோது, அக்கா அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தாள். வெளித்தாழ்ப்பாளைப் போட்டது அப்பா இல்லை, நான்தான். அப்படி ஒரு அக்கா இருப்பது தெரிந்தால் சம்பந்தம் கூடிவராது என்று எங்கள் வீட்டில் பயம். அவர்கள் கிளம்பும்வரை அவள் இருமக்கூட இல்லை. இதை இத்தனை வருடத்தில் அவளும் சொல்லிக்காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

"ஃபோன் போட்டுக் கேளுங்க சார். நானும் கேட்டுக்கிறேன்" என்றார் அந்த அம்மா. வேறு வழியில்லாமல் ஸ்பீக்கரில் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "பெரிய சக்கரந்தானடா?"

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பாத்ரூம் கதவுல நுழையாதுக்கா" என்றேன் மெதுவாக.

"கதவைக் கழட்டிட்டு ரெண்டு பக்கமும் இடிச்சிரலாம். திரை தச்சுப் போட்டுக்கிறேன். நானே ஓட்டிக்குவேன்னு சொல்லு. கை வலிச்சாலும் பரவால்ல."

"சரிக்கா. அளவு கேக்குறாங்க. வீட்டுக்கு வந்து எடுத்துட்டு..."

"எழுதிக்கோ. இடுப்பு பதினாலு. தொடை பதினஞ்சே கால். முட்டிக்குக் கீழ இடது பதிமூணு, வலது பன்னெண்டரை."

நிறுத்தாமல் சொன்னாள். அந்த அம்மா என் தாளைத் திருப்பி, வெறுமையாக இருந்த பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார்.

"எப்பக்கா அளந்தே?"

"கதவெல்லாம் அளந்துட்டு டேப்பைக் கையில கொடுத்தேல்ல, அன்னைக்குத்தான். அடுத்தது என்னைத்தான் அளப்பேன்னு புடவையெல்லாம் சரி பண்ணிட்டு உக்காந்திருந்தேன். நீ டீ குடிக்கப் போயிட்டே. அப்புறம் நானே அளந்துக்கிட்டேன்."