கேட்காத சர்வர்

தேனியில் ஒரு கல்லூரிக் கணினிக்கூடத்தில் நான் வேலை பார்த்த காலம். என் கணினியின் லினக்ஸ் திரையை மயில்நீலமாக்கி, கோப்பை அழிக்கும் முன் 'அழிக்கவா?' என்று கேட்கும்படி மாற்றி வைத்திருந்தேன். அதில் எனக்கு ஏகப் பெருமை.

மாணவர்களின் கோப்புகளெல்லாம் இருந்த பொதுக் கணினியான சர்வரைப் பராமரிக்க, மலையடிவாரத்து லோயர் கேம்பிலிருந்து வருபவர் என் வயதுக்காரர். அரைக்கைச் சட்டையை ஒருநாளும் உள்ளே விட்டதில்லை. அவர் திரை வெறும் கறுப்பு. கட்டளையை அடித்ததும் கைகளை மடியில் வைத்து, அதை வாய்விட்டுப் படித்த பிறகே என்டரைத் தட்டுவார். எனக்குச் சிரிப்பாக வரும்.

ஒருநாள் அவர் சாப்பிடப் போனபோது, சர்வரில் பழைய கோப்புகளை நீக்க உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகக் கேட்கும், வேண்டியதை விட்டுவிடலாம் என்ற தைரியத்தில் மொத்தமாக அழிக்கச் சொன்னேன். சர்வர் கேட்கவே இல்லை. மாணவர்களின் புராஜெக்ட் எல்லாம் போய்விட்டது.

வந்தவர் பதறவில்லை.

"உங்க மிஷின் கேக்கும் சார். இது கேக்காது. அதான் நானே கேட்டுக்கிருவேன்."

தினமும் அவர் சி.டி.யில் எடுத்து வைத்திருந்த நகலிலிருந்து கோப்புகளை மீட்கக் கட்டளை அடித்துவிட்டுக் கைகளை மடியில் வைத்தார்.

"இங்கன வந்து நீங்க படிங்க."

படித்தேன். நேற்றைய நகலுக்குப் பதில் போன மாத நகலின் பெயர் இருந்தது. சொன்னேன். திருத்தித் தட்டினார்; எல்லாம் திரும்பி வந்தது.

தெரிந்தேதான் அப்படி அடித்தாரா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.